நிறைந்த அரிசியும் நமத்த தீப்பெட்டியும்

நாட்டில் அவசரகாலம் என்று அரசாங்கம் அறிவித்தால் புத்தியுள்ள குடும்பஸ்தன் என்ன செய்வான்? கடைக்கு ஓடி, கிடைத்த சாமானை வாங்கி வீட்டில் அடுக்குவான். மலாயாவில் அறிவித்த அவசரகாலத்தில் அப்படி அடுக்குவதே குற்றம். வெள்ளம் வருகிறது என்று தண்டோரா போட்டுவிட்டு, படகு வைத்திருப்பவனைப் பிடித்து உள்ளே போடுவது போன்ற ஏற்பாடு.

காரணம் இல்லாமல் இல்லை. துப்பாக்கியோடு காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்து வீடுகளிலிருந்து சோறு போகிறது என்று அரசாங்கம் நம்பியது. அவர்களை நாங்கள் 'மலைக்காரர்கள்' என்போம். லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் இருந்ததை மலை என்று சொன்னால் உண்மையான மலைகள் கோபித்துக்கொள்ளும். அது ஒரு மேடு. ஆனால் அந்த ஆண்டுகளில் மலை என்ற சொல்லுக்கு உயரம் தேவைப்படவில்லை. 'அவன் மலையேறிட்டான்' என்று யாராவது ஒருவனைப் பற்றி மெதுவாகச் சொன்னால், கேட்டவர் அதைவிட மெதுவாகத் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

நான் அந்தத் தோட்டத்து ஆபீசில் இளைய கிராணி, அதாவது குமாஸ்தா. ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஜனங்களுக்கு உரக்கப் படிப்பது என் வேலை. அரிசி வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை, ஆளுக்கு இவ்வளவு. முள்வேலிக்கு வெளியே ஒரு பருக்கைகூடப் போகக் கூடாது. டின் பால் வாங்கினால் கடைக்காரர் ஆணியடித்து ஓட்டை போட்டுத்தான் தருவார். சேமித்து வைக்க முடியாமல் உடனே குடித்துத் தீர்க்க வேண்டும் என்பது நோக்கம். எந்த விதி எந்தப் பிரிவில் வருகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. அதைக் கலைக்கவென்றே கடவுள் எனக்கு மணமுடித்து வைத்தார்.

மனைவி புலாவ் செபாங் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். ஜப்பான்காரன் காலத்தில் அவள் அம்மா ஒரு பட்டுச்சேலையைக் கொடுத்து ஒரு கட்டி சவுக்காரம் வாங்கியிருக்கிறார். அந்தக் கட்டியும் பாதி சுண்ணாம்பு. குளித்தபின் வீடு முழுக்கச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்ததாம். அதிலிருந்து அவளுக்கு ஒரே கொள்கை: கிடைக்கும்போது வாங்கு, வைக்க இடம் அப்புறம் பார்க்கலாம். தோட்டத்துக்கு வந்ததும் கேட்டாள்.

"அரசாங்கமே எமர்ஜென்சின்னு சொல்லுது. அப்புறமும் வாங்கி வைக்காம இருக்கிறவன் மனுசனா?"

"வாங்கி வெச்சா உள்ள போட்டுருவாங்க."

"எதையெல்லாம் வெச்சா?"

சட்டம் படித்தவனுக்கு ஒரு நோய் உண்டு. யாராவது கேட்டால் சரியான பதிலைச் சொல்லிவிடுவான். சுற்றறிக்கையைக் கொண்டுவந்து அவள் எதிரில் விரித்தேன்.

"இதுல சவுக்காரம் இருக்கா?"

"இல்ல."

"தீப்பெட்டி?"

"இல்ல."

"விளக்குத்திரி, வெளக்குமாறு?"

"அதெல்லாம் எதுக்கு எழுதப்போறான்? இல்ல."

"அப்ப சரி," என்று எழுந்து போனாள்.

ஓரிரு மாதத்தில் எங்கள் கட்டிலுக்கடியில் காற்று நுழைய இடமில்லை. நீளக் கட்டிகளாக வரும் மஞ்சள் சவுக்காரம், செங்கல் சுவர் போல அடுக்கியிருந்தது. அதன்மேல் தீப்பெட்டிப் பொட்டலங்கள். மூலையில் ஒரு படைக்கே போதுமான வெளக்குமாறு. பாயா ரும்புட்டிலிருந்து வந்து ஓர் இரவு தங்கிய என் மைத்துனர் காலையில் எழுந்து, "மச்சான், உங்க வீட்டுல படுத்து எந்திரிச்சாலே குளிச்ச மாதிரி இருக்கு, எனக்குத் தண்ணி வேணாம்," என்றார்.

சேமிப்பின் துயரங்களை அப்போதே நான் அனுபவித்தேன். எலி சவுக்காரம் தின்னும் என்பதை அந்த வீட்டில்தான் தெரிந்துகொண்டேன். மழைக்காலம் வந்ததும் தீப்பெட்டி எல்லாம் நமத்துப் போயிற்று. வெயில் அடித்த நாளில் அவள் பெட்டிகளைப் பிரித்து, குச்சிகளை முறத்தில் பரப்பி வாசலில் வைப்பாள். தீக்குச்சியை வடகம் போலக் காயவைத்த குடும்பம் மலாயாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். காய்ந்த பிறகும் அவை பற்றவில்லை. அவள் தூக்கிப் போடவும் இல்லை. "இருக்கட்டும். ஒரு நாள் ஒதவும்," என்பாள். தீப்பெட்டி எதற்கு உதவும் என்பதில் எனக்கு அதுவரை ஒரே ஒரு கருத்துதான் இருந்தது.

சவுக்காரத் தண்ணீரால் ஒரு பகையும் வந்து சேர்ந்தது. எங்கள் குளியலறைத் தண்ணீர் பக்கத்து வீட்டு வாசல் வழியாக ஓடும். அது, காட்டு வேலையை மேற்பார்க்கும் தோட்டத்துக் கண்டக்டர் வீடு. அவர் மனைவி, "சோப்பு ஃபேக்டரிக்குப் பக்கத்துல குடியிருக்க எனக்கு என்ன தலையெழுத்தா?" என்று வேலியைப் பார்த்துக் கேட்டார். வேலி பதில் சொல்லவில்லை. என் மனைவி சொன்னாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இவ்வளவு சேர்த்தவள் அரிசியைச் சேர்க்கவில்லை. அது மட்டும் விதிப்படி. சனிக்கிழமை வாங்கிய அரிசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீர்ந்துவிடும். ஆனால் 'தீர்ந்தது' என்று சொல்லக் கூடாது. சுற்றறிக்கையில் சவுக்காரம் இல்லை என்று நான் நூறு முறை சொல்லலாம், தோஷமில்லை. வீட்டில் அரிசி இல்லை, உப்பு இல்லை, எண்ணெய் இல்லை என்று சொன்னால் லட்சுமி எழுந்து போய்விடுவாள். அதனால் நம் பெண்கள் எது தீர்ந்தாலும் அது 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். பானையின் அடியில் ஒரு பிடி அரிசியை விட்டும் வைப்பார்கள். அதுபோலவே சாமி விளக்கு அணைந்தது என்றும் சொல்லக் கூடாது. விளக்கு 'மலையேறும்'.

தோட்டத்து முள்வேலிக் கதவில் ஒரு கார்ப்பரல் காவல் இருந்தார். மலாய்க்காரர், வயதில் எங்களைவிடச் சிறியவர். சின்ன வயதில் தோட்டத்துப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். அவருடைய ழகரம் என்னுடையதைவிடச் சுத்தம். எங்கள் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நான் போறேன்க்கா," என்பார். மனைவிக்கு அது பொறுக்காது.

"போறேன்னு சொல்லாதீங்க தம்பி. போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

"நான் திரும்பி வரமாட்டேன்லா அக்கா. டியூட்டி முடிஞ்சிருச்சு."

"வராட்டியும் அப்படித்தான் சொல்லணும்."

"அது பொய் இல்லையா?" என்று உண்மையான கவலையோடு என்னைப் பார்ப்பார். எங்கள் மொழியின் எல்லாச் சொல்லும் அவருக்குத் தெரியும். நாங்கள் சொல்வதற்கும் நினைப்பதற்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்துகொண்டிருந்தேன். கார்ப்பரல் வேலியோரமாக நடந்துகொண்டிருந்தார். மனைவி வாசலுக்கு வந்து, எனக்குக் கேட்க வேண்டுமே என்று தோட்டம் முழுவதற்கும் சொன்னாள்.

"ஏங்க, அரிசி நிறைஞ்சிருக்கு! எண்ணெயும் நிறைஞ்சிருக்கு! இப்பத்தான் பாக்குறேன், மலையேறிருச்சுங்க! காலையில மறக்காம பாத்துக்குங்க!"

விளக்கு என்ற சொல்லை அவள் விட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் வேறு எது மலையேறப் போகிறது? நான் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். கார்ப்பரல் நடப்பதை நிறுத்தினார் என்பதை நான் கவனிக்கவில்லை. அவர் தம் கடமையைச் செய்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், எழுத்து மூலமாக.

மறுநாள் காலை, ரேஷன் வாங்கக் கிளம்பும் முன், வாசலில் ஜீப் வந்து நின்றது. வெள்ளைக்கார லெப்டினன்ட் ஒருவர் இறங்கினார். அவர் பின்னால் சில காவலர்கள், கடைசியில் கார்ப்பரல், தலையைக் குனிந்துகொண்டு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலைக்காரருக்கு அரிசி கொடுத்தவன் என்று எழுதிவிட்டால் வழக்கு, வாய்தா எதுவும் கிடையாது. நேராகத் தடுப்புக்காவல், எப்போது வெளியே வருவோம் என்று சொல்ல ஆள் இல்லை. வீடு தோட்டத்தின் வீடு, உடனே காலி செய்ய வேண்டும். மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். எல்லா விதியும் தெரிந்திருப்பதில் உள்ள சங்கடம் இதுதான்: தெரியாதவன் பயப்படுவதற்கு முன் கொஞ்சம் நேரம் இருக்கும். எனக்கு அந்த நேரமும் இல்லை.

கார்ப்பரல் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். துரையை மலாயில் 'துவான்' என்பார்கள்.

"அக்கா, துவான் கேக்குறாரு. வீட்டுல அரிசி எப்படி?"

"நிறைஞ்சிருக்கு தம்பி. அதான் அவரு வாங்கப் போறாரு."

கார்ப்பரல் இதை ஆங்கிலத்தில் சொன்னார். லெப்டினன்ட் அடுப்படிக்குப் போய் அரிசிப் பானையின் மூடியைத் திறந்தார். உள்ளே கையை விட்டார். ஒரு பிடி.

"நிறைய இருக்குன்னு சொன்னீங்களே, அக்கா. ஒரு பிடிதானே இருக்கு? மிச்சம் எங்க?"

"அதான் நிறைஞ்சிருக்குன்னு சொல்றேன்ல?"

"நிறைஞ்சது எங்க போச்சுலா?"

"எங்கயும் போகல. நிறைஞ்சிருச்சு!"

கார்ப்பரல் குரலைத் தாழ்த்தினார். "மலையேறிருச்சுன்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க அக்கா. நானே கேட்டேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் முன்னால் வந்து லெப்டினன்டிடம், என்னுடைய மிகச் சிறந்த ஆங்கிலத்தில், தமிழர் இல்லங்களின் மங்கல வழக்கைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினேன். நிறைந்திருக்கிறது என்றால் தீர்ந்துவிட்டது என்று பொருள், மலையேறிவிட்டது என்றால் அணைந்துவிட்டது என்று பொருள் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆக, நீங்கள் சொல்வது ஒன்று, அர்த்தம் வேறொன்று. உங்களுக்குள் ஏற்கனவே பேசி வைத்துக்கொண்ட சொற்கள்."

"ஆமாம்."

"இதற்கு எங்கள் ஊரில் ரகசியச் சங்கேதம் என்று பெயர்."

என் உரையால் அவ்வளவுதான் பலன். அதற்குள் ஒரு காவலர் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துவிட்டு லெப்டினன்டைக் கூப்பிட்டார். சவுக்காரச் சுவர் ஒவ்வொரு கட்டியாக வெளியே வந்தது. தீப்பெட்டிகள் வந்தன. வெளக்குமாறுகள் வந்தன. ஒரு காட்டுப் படை சுத்தபத்தமாக வாழ்வதற்கு வேண்டிய அனைத்தும் கூடத்தில் குவிந்தன. இவை சுற்றறிக்கையில் இல்லை என்று நான் பிரிவைச் சொன்னேன். "அது எனக்கும் தெரியும். இருவர் உள்ள வீட்டுக்கு இவ்வளவு தீப்பெட்டி எதற்கு?" என்றார். அதற்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை.

லெப்டினன்ட் ஒரு வழி சொன்னார். "உங்கள் மனைவி நேராகச் சொல்லட்டும். அரிசி இல்லை என்று. பிறகு பார்க்கலாம்."

நியாயமான கோரிக்கை. நான் மனைவியிடம் திரும்பினேன்.

"சொல்லிரு. ஒரே ஒரு வார்த்தை."

"எந்த வார்த்தை?"

"அதான்... இல்ல-ன்னு."

அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பானையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"புள்ளத்தாச்சி, காலங்காத்தால, அரிசிப் பானைக்கு முன்னால நின்னுக்கிட்டு அதச் சொல்லணுமா? வேணும்னா நீங்க சொல்லுங்க. உங்க வாயி, உங்க பாடு."

"நான் சொன்னா செல்லாது. என்னை உள்ள போடத்தான் வந்திருக்காங்க!"

"போட்டுருவாங்களா? தம்பி, இவர உள்ள போட்டுருவீங்களா?"

கார்ப்பரல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் முகத்தில் பயத்தை நான் முதல்முறையாக அன்று பார்த்தேன். அதுவும் கொஞ்ச நேரம்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டைக் கைகாட்டினாள்.

"அந்த வீட்டு அம்மாவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. ஊருக்கே தெரியும். எனக்காகப் பொய் சொல்ல மாட்டா. நாங்க வீட்டக் காலி பண்ணினா ஏழு தேங்கா உடைப்பா. அவகிட்டப் போய்க் கேளுங்க."

எதிர்த்தரப்பினர் ஒருவரைச் சாட்சியாக அழைப்பது சட்டத்தில் மிக அரிது. எனக்குத் தோன்றியிருக்காது. லெப்டினன்ட் கிளம்பினார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். பக்கத்து வீட்டு அம்மா வாசலில் கைகட்டி நின்று முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுல உப்பு எப்படி அக்கா?" என்றார் கார்ப்பரல்.

"நிறைஞ்சிருக்கு."

ஜாடியைக் கவிழ்த்தார்கள். ஒன்றும் விழவில்லை.

"சீனி?"

"அதுவும் நேத்தே நிறைஞ்சிருச்சு. ஏன், நீங்க வாங்கித் தரப்போறீங்களா?"

டின்னில் ஓர் எறும்பு மட்டும் இருந்தது, அதுவும் ஏமாற்றத்தில். லெப்டினன்ட் அடுத்த வீட்டுக்குப் போனார். அதற்கும் அடுத்த வீட்டுக்குப் போனார். சனிக்கிழமை காலை, ரேஷனுக்கு முன். எங்கள் வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் அரிசி நிறைந்திருப்பதாகவும், எண்ணெய் நிறைந்திருப்பதாகவும், பருப்பு பொங்கி வழியாத குறை என்றும் சொன்னார்கள். அத்தனை பானையிலும் ஒரு பிடிதான். கடைசி வீட்டில் மட்டும் ஒரு பெண் "மஞ்சத்தூளா, இருக்கே," என்றாள். கார்ப்பரல் ஓடிப்போய்த் திறந்தார். இருந்தது.

"துவான்," என்றார் கார்ப்பரல், எதையோ கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் ஆங்கிலத்தை மறந்து தமிழிலேயே. "இருக்குன்னா இருக்கு. நிறைஞ்சிருக்குன்னா இல்லை!"

"ஐயையோ, அதச் சொல்லாதீங்க தம்பி!" என்று நான்கைந்து வீடுகளிலிருந்து ஒரே நேரத்தில் குரல் வந்தது.

லெப்டினன்ட் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தீர்ந்துபோனதை எல்லாம் நிறைந்துவிட்டது என்று சொல்லும் ஜனத்திடம் உணவுக் கட்டுப்பாடு நடத்துவது எப்படி என்று யோசித்திருக்கலாம். சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து, குவியலிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். உரசினார். பற்றவில்லை. இன்னொரு குச்சி. குச்சியின் தலை மாவாக உதிர்ந்தது. வேறு பெட்டி. அதுவும் அப்படியே. பெட்டி பெட்டியாக எடுத்து உரசிக்கொண்டே போனார். காவலர்கள் ஆளுக்கொன்று எடுத்து உரசினார்கள். கூடம் முழுக்க உரசும் சத்தம். ஒரு பொறிகூட இல்லை.

"இதை மலைக்காரர்களுக்குக் கொடுத்திருந்தீர்களானால்," என்றார் கடைசியில் என்னிடம், "அரசாங்கம் உங்களுக்கு ஒரு பதக்கம் கொடுக்க வேண்டியிருக்கும்."

கார்ப்பரலின் லைட்டரில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் மனைவி முறத்தை எடுத்து, சிந்திக் கிடந்த குச்சிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"ஒரு நாள் ஒதவும்னு சொன்னேனா இல்லையா?"

பெட்டிகளையெல்லாம் நான் பரணில் ஏற்றினேன். ரேஷன் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாத மழை. நாள் முழுக்க ஈரத்துணி. அப்போதுதான் அந்தச் சவுக்காரத்தின் மகிமையைக் கண்டேன். காய்ந்து கல்லான கட்டி கரைவதே இல்லை. ஒரு கட்டி எத்தனை துணியைப் பார்த்தாலும் தேயாது. பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் வேலி ஓரத்தில் நின்று, "புள்ளத் துணி தொவைக்கிற தண்ணி ஓடினா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்று வேலியிடம் சொன்னார். என் மனைவி வேலிக்கு மேலாக இரண்டு கட்டிகளை நீட்டினாள். அதன்பின் அந்த வரிசையில் எந்த வீட்டில் சவுக்காரம் நிறைந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அவளும் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்ததை ஊரறியக் கொடுப்பதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

கார்ப்பரல் பல நாள் எங்கள் வாசலுக்கு வரவில்லை. வெட்கம். மனைவிதான் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு வழக்கம்போல வந்தார், வழக்கம்போல "நான் போறேன்க்கா," என்றார். ஒருநாள் சாயங்காலம் தோளில் பையோடு வந்தார்.  குழந்தையின் கன்னத்தைத் தொட்டார்.

"போயிட்டு வரேன், அக்கா."

மனைவி பூரித்துப்போனாள். "அடடே, கத்துக்கிட்டீங்களே! எப்ப வருவீங்க?"

"வரமாட்டேன்லா. ஜொகூருக்கு மாத்திட்டாங்க."

அவள் உள்ளே போய், காகிதத்தில் சுற்றிய ஒரு சவுக்காரக் கட்டியைக் கொண்டுவந்து அவர் பையில் திணித்தாள். வழியனுப்ப நான் வேலிக் கதவுவரை போனேன். அங்கே புதிதாக வந்திருந்த காவலர் விதிப்படி அந்தப் பையைப் பிரித்து, கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சுற்றறிக்கையில் இல்லை," என்றேன். விட்டுவிட்டார். கார்ப்பரல் திரும்பிக் கையை ஆட்டிவிட்டு லாரியில் ஏறினார்.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி கட்டிலருகில் நின்றிருந்தாள்.

"ஏங்க, சவுக்காரம் நிறைஞ்சிருக்கு."

குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கடியில் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை தரை துடைத்துவிட்டது போல இருந்தது. நல்ல காற்று வந்தது.